பிந்தி வந்த உறை, ஒன்று

கூட்டக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது,
பதினோரு பக்கம், கையெழுத்தோடு.
இது தமிழில்.
கழிமுக ஆய்வாளர் சங்கத்தில்
இதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்,
அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதலாம்.

டர்பனில் அன்று மாலை மின்வெட்டு.
ஜெனரேட்டர் போட்டதும் வெளிச்சம் வந்தது,
ஒலிபெருக்கி வரவில்லை.
எல்லோரும் கத்தினார்கள்.
கோபத்தில் கத்தியவர் யார்,
கடைசி வரிசைக்குக் கேட்கட்டுமே என்று கத்தியவர் யார்,
பிரித்து எழுத முடியவில்லை.

தீர்மானம் இரண்டே வாக்கியம்.
அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு
இனிக் கூட்டாய்வு இல்லை. அழைப்பும் இல்லை.
முன்மொழிந்த நொம்புசோ
சதுப்புச் சேறு காயாத பூட்ஸோடு வந்திருந்தாள்.
"நண்டுக்கு எல்லைக்கோடு கிடையாது"
என்றார் பேராசிரியர் ஃபான் ரெய்னென்.
"நண்டு யாரிடமும் பாஸ் கேட்டதில்லை, ஐயா"
என்றாள் அவள்.
சிரிப்பு என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டேன்.

'கண்டிக்கிறது' என்பதைக்
'கவலை கொள்கிறது' ஆக்கலாமா என்பதில்
நாற்பது நிமிடம் போயிற்று.
பொருளாளர் பூபாலன் செட்டி
இதழுக்கு வரும் மானியம் என்ன ஆகும் என்று
மூன்று தடவை கேட்டார்.
இரண்டு பேர் ராஜினாமா.
அதில் ஒருவர் சமோசாவுக்குப் பிறகு
திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்போது பின்வரிசையில் யாரோ:
உறுப்பினர் எண் நூற்று நாற்பத்தேழு
அந்த நாட்டில்தானே இருக்கிறார்,
அவருக்கு ஓட்டு உண்டா?

விதிப்புத்தகம் என் மடியில் இருந்தது.
சந்தா கட்டியவர் உறுப்பினர்.
உறுப்பினருக்கு ஓட்டு.
அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.
மண்டபம் அடங்கியது அப்போதுதான்,
ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

தபால் வாக்கு என்று முடிவாயிற்று.
இருநூற்றுப் பன்னிரண்டு உறைகளை
என் சமையலறை மேசையில் ஒட்டினேன்.
ஓட்டுக்கும் ஒட்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம்,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
அந்தச் சுழிக்காக அடி வாங்கியிருக்கிறேன்.
நூற்று நாற்பத்தேழுக்கு மட்டும்
தபால்தலை கூடுதல்.

எண்பத்தாறில் நான் அனுப்பிய கட்டுரை,
உம்கேனி முகத்துவாரத்தின் உப்பளவு,
நாலு வருட வேலை,
கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.
பிரிக்கவே இல்லை.
உறைமேல் சிவப்பு மையில் ஒரு வரி:
உங்கள் நாட்டிலிருந்து ஏற்பதில்லை.

ஏற்காதீர்கள் என்று உலகத்தைக் கேட்டு
ஊர்வலம் போனவர்களில் நானும் ஒருத்தி.
அட்டை பிடித்ததும் உப்பை அளந்ததும்
இதே கை.
அன்றிரவு அழுதேன்.
மறுநாள் மறுபடி ஊர்வலம் போனேன்.
இரண்டுக்கும் நடுவில் சமாதானம் தேட நேரமில்லை,
பஸ் ஏழரைக்கு.

கூட்டத்தில் இதை நான் சொல்லவில்லை.
செயலாளர் கருத்துச் சொல்லக் கூடாது.
அந்த விதி எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆதரவு தொண்ணூற்றெட்டு,
எதிர்ப்பு எண்பத்தொன்று,
செல்லாதவை நாலு.
ஒன்றில் யாரோ நண்டு வரைந்திருந்தார்கள்,
அழகான நண்டு, கொடுக்குகூடச் சரியான விகிதத்தில்.
தொண்ணூற்றெட்டில் ஒன்று என்னுடையது.

ஒன்பது நாள் கழித்து
நூற்று நாற்பத்தேழின் உறை வந்தது.
கெடு தாண்டியதைப் பிரிக்கக் கூடாது.
அந்த விதியை எழுதிய குழுவில்
என் பெயரும் இருக்கிறது.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
ஓட்டுச்சீட்டு இவ்வளவு கனக்காது,
கூடவே ஏதோ எழுதியிருக்கிறார்.
திருப்பி அனுப்பலாம்.
சிவப்பு மை வீட்டில் இருக்கிறது.

பதினோராம் பக்கத்தின் கடைசி வரி:
பிந்தி வந்த உறை, ஒன்று.
எங்கே வைத்தேன் என்று
ஆங்கிலத்தில் எழுதவில்லை.
கட்டில் பக்கத்து டிராயரில்,
எண்பத்தாறின் உறைக்கு மேலே.
அதையும் நான்
இதுவரை பிரித்ததில்லை.